ஆள் போய்விட்டார், ஃபோல்டர் போகவில்லை

ஆடிட்டர் அலுவலகத்தில் ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். ஆர்ட்டிகிள்ஷிப்புக்கு, அதாவது சிஏ படிப்பின் பயிற்சிக்கு, வருகிறவர்கள் முன்பு மூன்று வருடம் இருந்தார்கள். 2023-ல் வந்த புதிய முறைப்படி இப்போது இரண்டே வருடம். ஒவ்வொருவருக்கும் விண்டோஸில் தனி யூசர் அக்கவுண்ட் போட்டுக் கொடுப்போம், பயிற்சி முடிந்ததும் எடுத்துவிடுவோம். ஆனாலும் சி டிரைவில் ‘யூசர்ஸ்’ ஃபோல்டரைத் திறந்தால், எப்போதோ போனவர்களின் பெயரெல்லாம் அங்கே வரிசையாக நிற்கும்.

எங்கள் அலுவலகத்தில் கணக்கு வேலையோடு கம்ப்யூட்டர்களையும் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். பெரும்பாலானவை 256 ஜிபி எஸ்எஸ்டி போட்டவை. செப்டம்பர் மாதம், வரித் தணிக்கை அறிக்கைக்கான கடைசித் தேதியான 30 நெருங்கும்போது, ஒரு கம்ப்யூட்டரில் சி டிரைவ் சிவப்பாகிவிட்டது. டேலி பேக்கப் எடுக்க இடமில்லை, பிடிஎஃப் சேமிக்க இடமில்லை. பார்த்தால் பாதி இடத்தை அடைத்துக்கொண்டிருப்பது அலுவலகத்தை விட்டுப் போனவர்களின் ஃபோல்டர்கள். டெலீட் கொடுத்தால், “இந்த ஃபோல்டரில் மாற்றம் செய்ய எஸ்-1-5-21 என்று தொடங்கும் இன்னாரிடம் அனுமதி வாங்க வேண்டும்” என்கிற மாதிரி ஒரு செய்தி வந்தது. அந்த நீண்ட எண் யாருடையது என்று கேட்டால் அலுவலகத்தில் யாருக்கும் தெரியவில்லை.

இணையத்தில் தேடினால் இரண்டு வரிக் கட்டளையைக் கொடுத்து, “இதை ஓட்டுங்கள், எல்லாம் அழிந்துவிடும்” என்பார்கள். உண்மைதான், அழிந்துவிடும். ஆனால் விண்டோஸ் ‘முடியாது’ என்று சொல்வதற்குப் பல காரணங்கள் இருக்கின்றன. எந்தக் காரணத்தால் சொல்கிறது என்று பார்க்காமல் எல்லாவற்றையும் ஒரே சுத்தியலால் அடித்தால், போகக் கூடாததும் சேர்ந்து போகும். கட்டளைகளை விட அவற்றின் வரிசைதான் முக்கியம் என்பது என் அனுபவம். அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த எண்.

நமக்குத் தெரிவது யூசரின் பெயர். விண்டோஸுக்குள் ஒவ்வொரு யூசரும் ஓர் அடையாள எண்தான். அதை எஸ்ஐடி என்பார்கள். கம்ப்யூட்டரில் நாம் உருவாக்கும் சாதாரண அக்கவுண்டுகளுக்கு அது எஸ்-1-5-21 என்று தொடங்கும், நடுவில் அந்தக் கம்ப்யூட்டருக்கு உரிய பகுதி வரும், கடைசியில் 1001, 1002 என்று ஆளுக்கு ஓர் எண். கூடவே வரும் அட்மினிஸ்ட்ரேட்டருக்குக் கடைசி எண் எப்போதும் 500, கெஸ்ட்டுக்கு 501. ஒரு ஃபைலை யார் திறக்கலாம், யார் அழிக்கலாம் என்று டிஸ்கில் எழுதிவைக்கும்போது விண்டோஸ் பெயரை எழுதுவதில்லை, இந்த எண்ணைத்தான் எழுதுகிறது. அக்கவுண்ட் இருக்கும்வரை எண்ணைப் பெயராக மாற்றிக் காட்டும். அக்கவுண்ட் போனதும் மாற்றிக்காட்டப் பெயர் கிடையாது, எண் மட்டும் நிற்கும். ப்ராப்பர்ட்டிஸ் விண்டோவில் ‘அக்கவுண்ட் அன்நோன்’ என்று வருவதும் இதனால்தான்.

இதிலிருந்து ஒரு விஷயம் புரியும். அதே பெயரில் மறுபடி அக்கவுண்ட் போட்டாலும் பழைய ஃபோல்டர் திறக்காது. எங்களிடம் ஒரு தம்பி பரீட்சைக்கு நீண்ட லீவு போட்டான். அவன் வேலையை விட்டுவிட்டான் என்று நினைத்து, கம்ப்யூட்டர் சர்வீஸுக்கு வந்தவர் அவன் அக்கவுண்டை எடுத்துவிட்டுப் போயிருக்கிறார். திரும்பி வந்ததும் அதே பெயர், அதே பாஸ்வேர்டு என்று அக்கவுண்ட் போட்டுக் கொடுத்தார்கள். உள்ளே போனால் டெஸ்க்டாப் காலி. “அக்கா, என் ஃபைல் ஒண்ணுமே இல்லக்கா” என்று பதறிக்கொண்டு வந்தான். யூசர்ஸ் ஃபோல்டரில் அவன் பெயரில் இரண்டு ஃபோல்டர்கள் இருந்தன. ஒன்று வெறும் பெயர், இன்னொன்று பெயருக்குப் பின் ஒரு புள்ளி வைத்து கம்ப்யூட்டரின் பெயர். முதலாவது பழையது, இரண்டாவது புதிய எண்ணுக்காக விண்டோஸ் உருவாக்கியது. பழையதிலிருந்து டாக்குமெண்ட்ஸையும் டெஸ்க்டாப்பையும் எடுத்து அவனுக்குக் கொடுத்த பிறகுதான் அந்த ஃபோல்டரை அழிப்பதைப் பற்றியே பேசினோம்.

அக்கவுண்டை எந்த வழியில் எடுக்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் ஃபோல்டர் மிச்சமாவதும் ஆகாததும். செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ், அதர் யூசர்ஸ் என்று போய் ரிமூவ் கொடுத்தால், ‘டெலீட் அக்கவுண்ட் அண்ட் டேட்டா’ என்று தெளிவாகக் கேட்கும். ஃபோல்டரும் சேர்ந்து போகும். கம்ப்யூட்டர் மேனேஜ்மெண்டில் இருக்கும் யூசர்ஸ் பட்டியலிலிருந்து எடுத்தாலோ, கமாண்ட் பிராம்ப்டில் ‘நெட் யூசர்’ கட்டளையால் எடுத்தாலோ அக்கவுண்ட் மட்டும்தான் போகும். ஃபோல்டர் அப்படியே கிடக்கும். சர்வீஸுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைதான் செய்வார்கள், அது சீக்கிரம் முடிகிறது. எங்கள் அலுவலகத்தில் சேர்ந்த குவியல் அப்படி வந்ததுதான்.

சரி, அழிப்பதற்கு முன். இந்த இடத்தில் நான் கொஞ்சம் நிற்க விரும்புகிறேன், ஏனென்றால் பலரும் தாண்டிப் போகும் இடம் இதுதான்.

அந்த ஃபோல்டருக்குள் இருப்பது குப்பை என்று யார் முடிவு செய்தது? எங்கள் வேலையில் ஆர்ட்டிகிள் பசங்க கிளையண்டின் பேங்க் ஸ்டேட்மெண்ட், சம்பளப் பட்டியல், பான் கார்டு நகல், தணிக்கைக்கான வொர்க்கிங் பேப்பர் எல்லாவற்றையும் தங்கள் டெஸ்க்டாப்பிலோ டவுன்லோட்ஸிலோதான் வைத்திருப்பார்கள். சர்வரில் போடச் சொல்லியிருப்போம், அவசரத்தில் போட்டிருக்க மாட்டார்கள். தணிக்கை ஆவணங்களை அறிக்கைத் தேதியிலிருந்து குறைந்தது ஏழு வருடம் வைத்திருக்க வேண்டும் என்பது சார்ட்டர்ட் அக்கவுண்டன்டுகளுக்கான தரக்கட்டுப்பாட்டு விதி. அதன் ஒரே நகல் போனவரின் டவுன்லோட்ஸில் இருந்தால்? இன்னொரு பக்கம், கிளையண்டின் தகவல் வெளியே போவது 1949-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தொழில்முறைத் தவறு. ஆகவே தேவையானதை எடுத்து வைப்பதும் கடமை, தேவையில்லாததை முழுக்க அழிப்பதும் கடமை. இரண்டையும் கம்ப்யூட்டர் பார்க்கிறவர் தனியாக முடிவு செய்யக் கூடாது. நான் ஒவ்வொரு ஃபோல்டரையும் எங்கள் ஆடிட்டர் சாரிடம் காட்டி, “இது வேணுமா சார்?” என்று கேட்டுத்தான் அடுத்த அடி வைத்தேன். வேலைதான் நிறைய இருந்தது, ஆனால் அவருக்கு வேண்டிய ஸ்டாக் ஸ்டேட்மெண்டுகள் இரண்டு ஃபோல்டர்களில் கிடைத்தன.

ஆர்ட்டிகிள் பசங்களின் சொந்த விஷயங்களும் அங்கே இருக்கும். மார்க்‌ஷீட் ஸ்கேன், பாஸ்போர்ட் நகல், தங்கச்சி கல்யாணப் பத்திரிகை டிசைன். ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுவது நல்லது. “இந்த ஃபோல்டரை அழிக்கப்போறோம், உனக்கு ஏதாவது வேணுமா?” என்று கேட்டதற்கு ஒரு பெண், “அண்ணனோட மெடிக்கல் ரிப்போர்ட் அதுல இருக்கலாம் அக்கா, கொஞ்சம் பாருங்க” என்றாள். இருந்தது. அவளே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து பென் டிரைவில் எடுத்துக்கொண்டாள். மற்றவரின் சொந்த ஃபைல்களை நாம் ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பதை விட இப்படிச் செய்வது இருவருக்கும் மரியாதை.

கண்ணில் படாத இடங்களும் உண்டு. ‘ஆப்டேட்டா’ என்று ஒரு மறைந்த ஃபோல்டர் இருக்கும். அதில் பெரும்பகுதி பிரவுசர் கேஷ் போன்ற, யாருக்கும் வேண்டாத சரக்கு. இடத்தை அதிகம் அடைப்பதும் அதுதான். ஆனால் அவுட்லுக் வைத்திருப்பவர்கள் டாக்குமெண்ட்ஸில் ‘அவுட்லுக் ஃபைல்ஸ்’ என்ற ஃபோல்டரைப் பார்க்க வேண்டும். அதில் பிஎஸ்டி என்று முடியும் ஃபைல் இருந்தால், அது அந்த மெயில்களின் ஒரே நகலாக இருக்கலாம். பிஓபி முறையில் மெயில் இறக்கிய அலுவலகங்களில் சர்வரில் எதுவும் மிஞ்சாமல் போயிருக்கலாம். ஓஎஸ்டி என்று முடிவது பொதுவாகச் சர்வரில் இருப்பதன் நகல்.

பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளை ஃபோல்டரிலிருந்து நகல் எடுத்து மீட்கலாம் என்று நினைக்க வேண்டாம். அவை அந்த யூசரின் லாகினோடு சேர்த்துப் பூட்டப்பட்டவை, வேறு அக்கவுண்டில் வைத்தால் திறக்காது. இஎஃப்எஸ் என்கிற விண்டோஸின் சொந்த ஃபைல் பூட்டும் அப்படியே. அப்படிப் பூட்டிய ஃபைலின் ஐகானில் சின்னப் பூட்டுப் படம் இருக்கும். ஓனர்ஷிப்பை, அதாவது அதன் உரிமையாளர் என்ற இடத்தை, நாம் எடுத்துக்கொண்டால் அந்த ஃபைலை அழிக்க முடியும், படிக்க முடியாது. படிக்க வேண்டுமானால் அந்த யூசரின் சான்றிதழும் சாவியும் வேண்டும். இதனால்தான் அக்கவுண்டை எடுப்பதற்கு முன்பே பார்ப்பது நல்லது. எடுத்த பிறகு பார்த்தால் சில கதவுகள் நிரந்தரமாக மூடியிருக்கும்.

ஒன்டிரைவ் தனிக் கதை. ஃபோல்டரில் ஃபைல் பெயர் தெரியும், ஆனால் பக்கத்தில் மேகப் படம் இருந்தால் உள்ளடக்கம் டிஸ்கில் இல்லை, இணையத்தில்தான் இருக்கிறது. வேறு அக்கவுண்டிலிருந்து அதை நகல் எடுக்கப் போனால், கிளவுட் சேவை ஓடவில்லை என்று 0x8007016ஏ பிழை வரும். அதற்கு அனுமதி எதுவும் காரணமில்லை, ஃபைலின் சொந்தக்காரர் தன் ஒன்டிரைவில் போய் இறக்கினால்தான் கிடைக்கும். இன்னொன்று, போனவரின் அக்கவுண்ட் இன்னும் இருக்கிறதே என்று அதில் லாகின் செய்து, ஒன்டிரைவ் ஓடிக்கொண்டிருக்கும்போது ‘சுத்தம்’ செய்யாதீர்கள். இங்கே அழித்தால் அங்கே இணையத்திலும் அழியும். அது அவருடைய சொந்த ஒன்டிரைவாக இருந்தால் நாம் கைவைத்தது அவர் வீட்டுப் பொருளில்.

எடுக்க வேண்டியதை எடுத்தாகிவிட்டது, இனி அழிக்கலாம் என்றால், எக்ஸ்ப்ளோரரில் ஃபோல்டரைப் பிடித்து டெலீட் கொடுக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். விண்டோஸிலேயே இதற்கென்று ஒரு சின்ன விண்டோ இருக்கிறது. ஸ்டார்ட்டில் ‘சிஸ்டம்’ பக்கம் போய் அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ் திறந்தால், நடுவில் ‘யூசர் புரொஃபைல்ஸ்’ என்று ஒரு பகுதி, அதற்கு ஒரு செட்டிங்ஸ் பட்டன். உள்ளே எல்லா புரொஃபைல்களும், அதாவது ஒவ்வொரு யூசரின் ஃபோல்டரும் அமைப்புகளும், அவற்றின் அளவோடு பட்டியலாக வரும். அக்கவுண்ட் ஏற்கெனவே போனவை ‘அக்கவுண்ட் அன்நோன்’ என்று நிற்கும். தேர்ந்தெடுத்து டெலீட் கொடுத்தால் ஃபோல்டரும் போகும், விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதிவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் அதற்கு இருந்த பதிவும் போகும். அனுமதிப் பிரச்சினை எதுவும் கேட்காது. எங்களிடம் கிடந்த குவியலில் பெரும்பகுதி இந்த ஒரு விண்டோவிலேயே போய்விட்டது. ஓனர்ஷிப்பும் வேண்டியிருக்கவில்லை, கமாண்டும் வேண்டியிருக்கவில்லை.

டெலீட் பட்டன் மங்கலாக இருந்தால் அந்த யூசர் இன்னும் லாகினில் இருக்கிறார், அல்லது அவருடைய ரெஜிஸ்ட்ரி ஃபைல் இன்னும் நினைவகத்தில் ஏற்றப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். ரீஸ்டார்ட் செய்து, வேறெதிலும் நுழையாமல் நேராக அட்மின் அக்கவுண்டில் வந்தால் பட்டன் உயிர்பெறும்.

‘அக்கவுண்ட் அன்நோன்’ நான்கைந்து இருந்தால் எது யாருடையது என்று எப்படித் தெரிவது? அளவை வைத்து ஊகிக்க வேண்டாம். கட்டளை கொடுக்கும் விண்டோவான பவர்ஷெல்லை அட்மினாகத் திறந்து, கெட்-சிம்இன்ஸ்டன்ஸ் என்ற கட்டளையோடு வின்32_யூசர்புரொஃபைல் என்று கேட்டால், ஒவ்வொரு எஸ்ஐடிக்கும் எந்த ஃபோல்டர், இப்போது ஏற்றப்பட்டிருக்கிறதா என்பதெல்லாம் வரும். ரெஜிஸ்ட்ரி பழகியவர்கள் லோக்கல் மெஷின் பகுதியில், விண்டோஸ் என்டியின் கரண்ட்வெர்ஷனுக்குக் கீழே ‘புரொஃபைல்லிஸ்ட்’ என்ற இடத்தில் இதையே பார்க்கலாம். அங்கே ஒவ்வொரு எண்ணுக்குள்ளும் ‘புரொஃபைல்இமேஜ்பாத்’ என்ற வரியில் ஃபோல்டரின் பாதை எழுதியிருக்கும். முடிவில் 18, 19, 20 என்று வரும் குட்டி எண்கள் விண்டோஸின் சொந்தச் சேவைகளுக்கானவை, அவற்றைத் தொடவே கூடாது.

ஃபோல்டரைக் கையால் அழித்து ரெஜிஸ்ட்ரிப் பதிவை விட்டுவைத்தால் என்ன ஆகும் என்பதைத் தெரிந்த ஒரு கடையில் பார்த்தேன். அக்கவுண்ட் உயிரோடு இருந்தது, இடம் வேண்டும் என்று அதன் ஃபோல்டரை மட்டும் யாரோ அழித்துவிட்டார்கள். அந்தப் பெண் மறுநாள் லாகின் செய்தால் தற்காலிக புரொஃபைலில் கொண்டுபோய் விட்டது. அதில் வேலை செய்து சேமித்ததெல்லாம் சைன்அவுட் ஆனதும் காணாமல் போனது. இருக்கிற அக்கவுண்டின் ஃபோல்டரைக் கையால் தொடாதீர்கள் என்று நான் எல்லோரிடமும் கெஞ்சாத குறையாகச் சொல்வது இதனால்தான்.

இனி, ‘யூசர் புரொஃபைல்ஸ்’ பட்டியலில் வராமல் டிஸ்கில் மட்டும் கிடக்கும் ஃபோல்டர்கள். ரெஜிஸ்ட்ரிப் பதிவு எப்போதோ போய்விட்டது, ஃபோல்டருக்கு உரிமையாளர் இல்லை. இவற்றுக்குத்தான் அனுமதியோடு மல்லுக்கட்ட வேண்டிவரும்.

எக்ஸ்ப்ளோரரில் திறக்கப் போனால், “உங்களுக்கு இப்போது அனுமதி இல்லை, நிரந்தரமாகப் பெற கன்டினியூ அழுத்துங்கள்” என்று வரும். பலரும் அழுத்திவிடுவார்கள். அதில் ‘நிரந்தரமாக’ என்ற சொல்லைக் கவனியுங்கள். அழுத்தியவரின் அக்கவுண்டுக்கு அந்த ஃபோல்டரைப் பார்க்கும் உரிமை எழுதப்பட்டுவிடும், பிறகு அவர் அட்மின் பதவியில் இல்லாவிட்டாலும் அது நீடிக்கும். அழிக்கப்போகும் ஃபோல்டர் என்றால் பரவாயில்லை. இப்போது வேலையில் இருக்கும் ஒருவரின் ஃபோல்டரில் ஆர்வத்தில் அழுத்தினால், அது அவருடைய தனிமையில் போட்ட ஓட்டை. எங்கள் அலுவலகத்தில் அன்றாட வேலைக்கு யாருக்கும் அட்மின் அக்கவுண்ட் இல்லாமல் செய்ததற்கு இது ஒரு காரணம்.

நீங்கள் அட்மின் என்றாலும் விண்டோஸ் உங்களைச் சாதாரண ஆளாகத்தான் நடத்தும், ‘ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்’ கொடுத்துத் திறந்த விண்டோவில் மட்டும்தான் முழு அதிகாரம் வரும். ஆகவே கமாண்ட் பிராம்ப்டை அப்படித் திறந்து அதில் முயன்று பாருங்கள். யூசர் ஃபோல்டர்களில் பொதுவாக அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் குழுவுக்கும் முழு உரிமை எழுதியிருக்கும். அதனால் பல ஃபோல்டர்கள் இதிலேயே, ஆர்டி கட்டளைக்கு சாய்கோடு எஸ், சாய்கோடு க்யூ சேர்த்து, மேற்கோளுக்குள் முழுப் பாதையைக் கொடுத்ததும் போய்விடும். இது ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது, நேராகப் போய்விடும். பாதையை இரண்டு முறை படித்துவிட்டு என்டர் தட்டுங்கள்.

அதற்கும் ‘ஆக்சஸ் இஸ் டினைடு’ என்றால் அப்போதுதான் ஓனர்ஷிப். விண்டோஸில் ஓனர் என்பவருக்கு ஒரு தனிச் சலுகை உண்டு: அனுமதிப் பட்டியலில் அவருக்கு உரிமையே இல்லாவிட்டாலும் அந்தப் பட்டியலைத் திருத்த அவரால் முடியும். அட்மினிஸ்ட்ரேட்டர்களுக்கு எதையும் தன் பெயருக்கு எடுத்துக்கொள்ளும் அதிகாரம் இருக்கிறது. ஆகவே வேலை இரண்டு படி. முதலில் ஓனர் ஆவது, பிறகு உரிமை எழுதிக்கொள்வது. முதல் படியை மட்டும் செய்துவிட்டு “இன்னும் அழியவில்லையே” என்று திகைப்பவர்கள் நிறையப் பேர். பத்திரம் பெயருக்கு மாறினாலும் சாவி கைக்கு வர வேண்டும் அல்லவா, அது மாதிரி.

முதல் படிக்கு டேக்ஓன் என்ற கட்டளை. சாய்கோடு எஃப், மேற்கோளுக்குள் பாதை, உள்ளே இருக்கும் எல்லாவற்றுக்கும் என்பதற்குச் சாய்கோடு ஆர். இதோடு சாய்கோடு ஏ-யையும் நான் சேர்ப்பேன், அப்போது ஓனர்ஷிப் என் தனிப்பட்ட அக்கவுண்டுக்கு வராமல் அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் குழுவுக்குப் போகும். நாளைக்கு நான் இந்த அலுவலகத்தில் இல்லாவிட்டால், என் எண்ணும் யாருக்கும் தெரியாத எண்ணாக நிற்க வேண்டாம். இரண்டாவது படிக்கு ஐகேக்கிள்ஸ், தட்டச்சில் ஐ, சி, ஏ, சி, எல், எஸ். பாதையைக் கொடுத்து, சாய்கோடு கிராண்ட், அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ், முக்காற்புள்ளி, எஃப். பின்னால் சாய்கோடு டி போட்டால் உள்ளே இருப்பவைக்கும் பரவும், சாய்கோடு சி போட்டால் நடுவில் ஏதாவது தவறினாலும் நிற்காமல் போகும். வேறு மொழி விண்டோஸில் குழுவின் பெயர் வேறாக இருக்கும். அங்கே பெயருக்குப் பதில் நட்சத்திரக் குறி வைத்து எஸ்-1-5-32-544 என்று கொடுத்தால் போதும், அந்த எண் உலகத்தில் எல்லா விண்டோஸிலும் ஒன்றுதான். கெட்டுப்போன கம்ப்யூட்டரின் டிஸ்கைக் கழற்றி இன்னொன்றில் மாட்டிப் பார்க்கும்போது, அட்மின் விண்டோவில் பாதி விஷயங்கள் எளிதாகத் திறப்பதற்கும் இதுவே காரணம்.

இந்த இரண்டு கட்டளைகளையும் அந்த ஒரு ஃபோல்டரின் முழுப் பாதையோடு மட்டும் கொடுங்கள். யூசர்ஸ் ஃபோல்டர் முழுவதற்கும் கொடுக்கக் கூடாது, சி டிரைவ் முழுவதற்கும் கொடுக்கவே கூடாது. ‘எல்லாத்துக்கும் ஒரேயடியா பர்மிஷன் கொடுத்துட்டா தொல்லை விட்டுது’ என்று யாரோ சி டிரைவ் முழுக்க ஓட்டிய ஒரு கம்ப்யூட்டரை என்னிடம் கொண்டுவந்தார்கள். ஸ்டோர் ஆப்கள் திறக்கவில்லை, அப்டேட் ஏறவில்லை. ஆயிரக்கணக்கான ஃபைல்களில் முன்பு என்ன எழுதியிருந்தது என்பது யாரிடமும் இல்லை. விண்டோஸை மறுபடி போட்டதுதான் வழி.

யூசர்ஸ் ஃபோல்டருக்குள்ளேயே தொடக் கூடாதவையும் இருக்கின்றன. ‘பப்ளிக்’ எல்லோருக்கும் பொது. ‘டீஃபால்ட்’ புதிய அக்கவுண்டுக்கு அச்சாக இருப்பது, அதை அழித்தால் புது ஆளுக்கு அக்கவுண்ட் போடும்போது தகராறு வரும். மறைந்திருக்கும் ‘ஆல் யூசர்ஸ்’ என்பது உண்மையில் ஃபோல்டர் அல்ல, புரோகிராம்டேட்டாவுக்குப் போகும் இணைப்பு. ‘டீஃபால்ட்யூசர்0’ என்று ஒன்று இருந்தால் அது விண்டோஸ் போடும்போது வந்து மிச்சமானது, அதை எடுக்கலாம்.

இணைப்பு என்று சொன்னேன் அல்லவா, அதில்தான் நேரம் அதிகம் போனது. விஸ்டா காலத்தில் ஃபோல்டர் அமைப்பு மாறியபோது, எக்ஸ்பி காலத்துப் பழைய புரோகிராம்கள் தடுமாறாமல் இருக்க ‘அப்ளிகேஷன் டேட்டா’, ‘மை டாக்குமெண்ட்ஸ்’, ‘லோக்கல் செட்டிங்ஸ்’ என்று பழைய பெயர்களில் ஜங்ஷன்களை வைத்தார்கள். பார்க்க ஃபோல்டர் மாதிரி இருக்கும், உள்ளே போனால் வேறிடத்துக்குக் கூட்டிப்போகும். ஆப்டேட்டாவின் லோக்கலுக்குள் இருக்கும் ‘அப்ளிகேஷன் டேட்டா’ அந்த லோக்கலுக்கே திரும்பி வரும். யாரும் இதில் சுற்றிச் சுற்றி மாட்டக் கூடாது என்றுதான் ‘எல்லோருக்கும் உள்ளே பட்டியல் காட்டாதே’ என்று அதில் ஒரு தடை எழுதியிருக்கிறது. அந்த ‘அனுமதி இல்லை’ ஒரு பாதுகாப்பு. டேக்ஓனில் எல்லாக் கேள்விக்கும் ஆம் என்று சொல்லும்படி கொடுத்தால் அந்தத் தடையும் போய்விடும். திரையில் ‘அப்ளிகேஷன் டேட்டா, அப்ளிகேஷன் டேட்டா’ என்று பாதை நீண்டுகொண்டே போவதைப் பார்த்தால் கன்ட்ரோல் சி அடித்து நிறுத்துங்கள். டிர் கட்டளையில் சாய்கோடு ஏஎல், சாய்கோடு எஸ் கொடுத்தால் ஜங்ஷன்கள் மட்டும் பட்டியலாக வரும். ஒவ்வொன்றையும் ஆர்டி கட்டளையால், இந்த முறை சாய்கோடு எஸ் இல்லாமல், எடுங்கள். இணைப்பு மட்டும்தான் போகும், அது சுட்டும் இடத்துக்கு ஒன்றும் ஆகாது. பிறகு மற்றதைத் தொடருங்கள்.

‘ஃபைல் வேறொரு புரோகிராமில் திறந்திருக்கிறது’ என்று வந்தால் அதற்கும் அனுமதிக்கும் சம்பந்தமே இல்லை. ஓனர்ஷிப் மாற்றி மாற்றிப் பார்த்துப் பயனில்லை. ரீஸ்டார்ட், அப்படியும் போகாவிட்டால் சேஃப் மோடு. ‘பெயர் மிக நீளம்’ என்றால் 260 எழுத்து வரம்பு இடிக்கிறது. ஜங்ஷன்களை எடுத்துவிட்டோம் என்று உறுதி செய்த பிறகு, ஒரு காலி ஃபோல்டரை உருவாக்கி, ரோபோகாப்பியில் சாய்கோடு எம்ஐஆர் கொடுத்து அந்தக் காலியை இதன் மேல் பிரதி எடுத்தால் உள்ளே இருப்பதெல்லாம் போய்விடும். ‘விண்டோஸ்.ஓல்டு’ ஃபோல்டருக்குள் இருக்கும் பழைய யூசர்களுக்கு இந்தப் பாடு எதுவும் வேண்டாம். செட்டிங்ஸில் ஸ்டோரேஜ், டெம்பரரி ஃபைல்ஸ் என்று போய் முந்தைய விண்டோஸை டிக் செய்து எடுத்தால் போதும்.

எங்கள் ஃபைல் சர்வர் உபுண்டு லினக்ஸில் ஓடுகிறது, அங்கேயும் இதே கதை வேறு உருவத்தில் வந்தது. யூசர்டெல் கட்டளையில் ஆர் சேர்க்காமல் எடுத்தால் ஹோம் ஃபோல்டர் மிச்சமாகும், ஓனர் இடத்தில் 1005 மாதிரி வெறும் எண் நிற்கும். விண்டோஸ் ஒருமுறை கொடுத்த எண்ணை மறுபடி யாருக்கும் கொடுக்காது. லினக்ஸில் கடைசியாகச் சேர்ந்தவரை எடுத்துவிட்டு உடனே புதியவரைச் சேர்த்தால், அதே எண் அவருக்கு வந்துவிடும். போனவரின் ஃபைல்களெல்லாம் புதியவருடையதாகிவிடும், எந்த எச்சரிக்கையும் வராது. கிளையண்ட் ஃபைல் வைத்திருக்கும் இடத்தில் இது சாதாரண விஷயம் இல்லை. ஆகவே அங்கே யாரைச் சேர்ப்பதற்கு முன்பும் ஃபைண்ட் கட்டளையில் ‘நோயூசர்’ கொடுத்து, சொந்தக்காரர் இல்லாத ஃபைல்கள் இருக்கின்றனவா என்று பார்த்துவிடுகிறேன். லினக்ஸின் அட்மினான ரூட்டாக இருந்தும் ‘ஆபரேஷன் நாட் பெர்மிட்டெட்’ என்றால் எல்எஸ்அட்டர் போட்டுப் பாருங்கள். ‘ஐ’ என்ற எழுத்து இருந்தால் யாரோ அந்த ஃபைலை மாற்ற முடியாதபடி பூட்டியிருக்கிறார்கள், ஏன் என்று கேட்டுவிட்டு சிஎச்அட்டரால் எடுக்கலாம்.

இப்போது எங்கள் அலுவலகத்தில் ஒருவர் விடைபெறும்போது, ரிலீவிங் ஃபார்மில் கையெழுத்து வாங்குவதற்கு முன் அவர் தன் அக்கவுண்டிலேயே உட்கார்ந்து கிளையண்ட் ஃபைல்களை சர்வரில் போடுகிறார், சொந்த ஃபைல்களை எடுத்துக்கொள்கிறார், ஒன்டிரைவிலிருந்தும் பிரவுசரிலிருந்தும் சைன்அவுட் ஆகிறார். சார் ஒருமுறை பார்த்துச் சரி சொன்னதும் நான் செட்டிங்ஸ் வழியாக அக்கவுண்டையும் டேட்டாவையும் சேர்த்து எடுக்கிறேன். யூசர்ஸ் ஃபோல்டரைத் திறந்து பெயர் போயிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்கிறேன். விண்டோஸின் விதிகளை அமைக்கும் குரூப் பாலிசியில், இத்தனை நாள் பயன்படாத புரொஃபைல்களை ரீஸ்டார்ட்டில் தானாக அழிக்கும் வசதி ஒன்று இருக்கிறது, விண்டோஸ் ப்ரோவில் கிடைக்கும். அதை நான் போடவில்லை. பரீட்சை லீவில் போன பையனுக்கும் வேலையை விட்டுப் போன பையனுக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது.